மழைக்கால வேலையைப் பிரிக்க வாட்ஸ்அப் குரூப் போதுமா? உங்கள் டீமுக்கு ஏற்ற இலவச செயலியைத் தேர்வு செய்வது எப்படி?

புழல் ஏரியில் இருந்து உபரி நீர் திறப்பு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் இந்தச் செய்தியை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் என்று ஊர்ப் பட்டியலும் கூடவே வரும். ஏரியில் இருந்து கிளம்பும் தண்ணீர் இந்த வழியாகத்தான் எண்ணூர் பக்கம் கடலுக்குப் போகிறது.

செய்தி வந்த அடுத்த நிமிஷம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் என்ன நடக்கும்? "படகுக்குச் சொல்லியாச்சா?" என்று ஒருவர் கேட்பார். "நான் சொல்றேன்" என்பார் இன்னொருவர். "மூணாவது தெரு பாட்டிய யாருப்பா கூட்டிட்டு வர்றது?" என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் வருவதற்குள் நாற்பது ஃபார்வர்ட் மெசேஜ் வந்துவிழும். கடைசியில் படகுக்கு மூன்று பேர் போன் செய்திருப்பார்கள். பாட்டி வீட்டுக்கு யாருமே போயிருக்க மாட்டார்கள்.

யாரிடமும் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. யார், எதை, எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்பதை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். அந்த இடத்தைத் தருவதுதான் 'புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்'. பெயரைக் கேட்டால் ஐ.டி. கம்பெனி விஷயம் போலத் தெரியும். ஆனால் தெரு நலச் சங்கம், தன்னார்வலர் குழு, பட்டறை, லாரி புக்கிங் ஆபீஸ் என்று யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். காசு கொடுக்காமலும் பயன்படுத்தலாம். எதைத் தேர்ந்தெடுப்பது, எதில் ஜாக்கிரதையாக இருப்பது? பார்க்கலாம்.

*புராஜெக்ட் மேனேஜ்மென்ட் செயலி என்ன செய்யும்?*

அடிப்படையில் அது நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லும். என்ன வேலை? யார் பொறுப்பு? எப்போதுக்குள்? இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

இந்தச் செயலிகளில் வேலைகளைக் காட்டுவதற்குப் பொதுவாக மூன்று விதம் உண்டு.

முதலாவது பட்டியல். மளிகை லிஸ்ட் மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக வேலைகள் இருக்கும். முடிந்ததை டிக் செய்யலாம்.

இரண்டாவது பலகை. 'செய்ய வேண்டியது', 'நடக்கிறது', 'முடிந்தது' என்று மூன்று பத்திகள் இருக்கும். ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. வேலை நகர நகர கார்டை அடுத்த பத்திக்குத் தள்ளலாம். இதற்கு 'கான்பான்' என்று பெயர். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ உருவாக்கிய முறையில் இருந்து வந்தது. ஆட்டோமொபைல் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு 'கான்பான் கார்டு' என்ற சொல் புதிதாக இருக்காது.

மூன்றாவது காலக்கோடு. எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பட்டை பட்டையாகக் காட்டும். நூறு வருஷத்துக்கு முன்பு இதைப் பரப்பிய ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரில் 'கான்ட் சார்ட்' என்கிறார்கள். கட்டட வேலை, மெஷின் ஆர்டர் போன்று ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்ற வேலைகளுக்கு இது நல்லது.

சின்ன டீமுக்குப் பட்டியல் அல்லது பலகை போதும். காலக்கோடு பெரும்பாலான செயலிகளில் காசு கொடுத்தால்தான் கிடைக்கும். அது நிஜமாகவே தேவையா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

*2015 வெள்ளம் கற்றுக்கொடுத்தது என்ன?*

இதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியபோது, தன்னார்வலர்கள் கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்து எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். யார் வீட்டில் தங்க இடம் இருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கிறது, எங்கே உதவி வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் அதில் எழுதினார்கள், படித்தார்கள். தண்ணீர் நிற்கும் தெருக்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தில் மக்களே குறித்தார்கள். இதில் எதற்குமே விலை உயர்ந்த மென்பொருள் தேவைப்படவில்லை.

ஆனால் அப்போது ஒரு சிக்கலும் வந்தது. உதவி கிடைத்து முடிந்த பிறகும் அதே கோரிக்கை மெசேஜாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே மீட்கப்பட்டவர்களுக்காகப் புதிதாக யாராவது போன் செய்துகொண்டே இருந்தார்கள். 'முடிந்தது' என்று குறிக்கும் வசதியும், அதைக் குறிக்கும் பொறுப்பு யாருக்கு என்ற தெளிவும் எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

*'இலவசம்' என்றால் எவ்வளவு இலவசம்?*

இந்த நிறுவனங்கள் ஏன் சும்மா தருகின்றன? சின்னதாகப் பழகிவிட்டால், டீம் பெரிதாகும்போது நீங்கள் காசு கட்டுவீர்கள் என்ற கணக்குதான். அதனால் இலவசத் திட்டத்துக்கு எப்போதும் ஒரு வேலி இருக்கும். அந்த வேலி பொதுவாக நான்கு இடங்களில் போடப்படும்.

1. எத்தனை பேர் சேரலாம்

2. எத்தனை புராஜெக்ட் அல்லது பலகை வைக்கலாம்

3. போட்டோ, பைல் வைக்க எவ்வளவு இடம்

4. தகவலை வெளியே எடுக்க, அதாவது எக்ஸ்போர்ட் செய்ய என்ன வசதி

இதைவிட முக்கியம், வேலியை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். ட்ரெல்லோ செயலி 2011-ல் வந்தது. 2017-ல் அட்லாசியன் நிறுவனம் அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. பல வருஷங்கள் இலவசத் திட்டத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம் என்றிருந்தது. 2024 மே மாதம் முதல் ஒரு ஒர்க்ஸ்பேஸுக்கு 10 பேர் என்று வரம்பு வந்தது. அதற்கு மேல் ஆள் இருந்தால் பலகையைப் பார்க்கலாம், திருத்த முடியாது.

ஆசனா செயலியும் 2023-ல் இலவச வரம்பை 15 பேரில் இருந்து 10 பேராகக் குறைத்தது. வுண்டர்லிஸ்ட் என்ற பிரபலமான செயலியை மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2020 மே மாதம் மூடியே விட்டது. எனவே இன்றைக்கு எவ்வளவு இலவசம் என்று பார்ப்பதுடன், நாளைக்கு நிறுத்தினால் நம் தகவல் நம் கைக்கு வருமா என்றும் பார்க்க வேண்டும்.

*எந்தச் செயலி யாருக்கு?*

கூகுள் ஷீட்ஸ்: ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். தனிச் செயலியைப் புதிதாகப் பழக வேண்டியதில்லை. யார் எதை மாற்றினார்கள் என்ற பழைய பதிப்புகளையும் பார்க்கலாம், தவறுதலாக அழித்ததை மீட்கலாம். எக்செல் பைலாக ஒரே தட்டில் இறக்கிக்கொள்ளலாம். குறை என்னவென்றால் சின்ன போன் திரையில் பெரிய அட்டவணையைப் பார்ப்பது கஷ்டம். 'உங்களுக்கு இந்த வேலை வந்திருக்கிறது' என்று தானாக நினைவூட்டுவதிலும் மற்ற செயலிகள் அளவுக்கு வராது.

ட்ரெல்லோ: பலகை முறைக்குப் பெயர் போனது. பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். போனில் நன்றாக ஓடும். இலவசத்தில் 10 பேர், 10 பலகை. அழைப்பு அனுப்பி இன்னும் ஏற்காதவர்களும் அந்த 10-ல் சேர்த்தி என்பதைக் கவனியுங்கள். இன்னொரு விஷயம்: எக்செல்லில் நேராகத் திறக்கும் சி.எஸ்.வி. பைலாக எடுக்கும் வசதி காசு கட்டுபவர்களுக்குத்தான். இலவசத்தில் ஜேசன் என்ற வடிவில் வரும், அதைப் படிக்கக் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரின் உதவி வேண்டும்.

ஆசனா: பட்டியல், பலகை இரண்டும் உண்டு. 'இன்று எனக்கு என்ன வேலை' என்பதைத் தனியாகக் காட்டும். ஆபீஸ் வேலைக்குப் பொருத்தம்.

கிளிக்அப்: இலவசத் திட்டத்தில் உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. ஆனால் சேமிப்பு இடம் மிகக் குறைவு. களத்தில் இருந்து போட்டோ போட்டுக்கொண்டே இருந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். பட்டன்களும் வசதிகளும் ரொம்ப அதிகம். முதல் முறை பயன்படுத்துபவர் மிரண்டுபோக வாய்ப்பு உண்டு.

நோஷன்: குறிப்பு, அட்டவணை, வேலைப் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில். தனி ஒருவருக்கு இலவசத் திட்டம் தாராளம். இரண்டு பேரோ அதற்கு மேலோ டீமாகச் சேர்ந்தால் எழுதும் அளவுக்கு வரம்பு வந்துவிடும்.

ஜிரா: 10 பேர் வரை இலவசம். மென்பொருள் எழுதும் டீம்களுக்காக உருவானது. தெரு சங்கத்துக்கோ பட்டறைக்கோ இது தேவையில்லை.

ஜோஹோ புராஜெக்ட்ஸ்: நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் தயாரிப்பு. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் இது. இந்தியாவிலேயே தரவு மையங்கள் இருப்பது இதன் பலம். இலவசத் திட்டம் மிகச் சிறிய டீமுக்குத்தான். நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்குப் பொருந்தும்.

ஓப்பன் புராஜெக்ட்: இது திறந்த மூல மென்பொருள். அதன் கம்யூனிட்டி பதிப்புக்கு ஆள் வரம்பு, மாதக் கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் சொந்த சர்வரில் நிறுவிப் பராமரிக்க வேண்டும். அதற்கு விஷயம் தெரிந்த ஆளும், சர்வர் வாடகையும் தேவை. மென்பொருள் இலவசம், மெனக்கெடல் இலவசம் இல்லை.

இங்கே சொல்லியிருக்கும் வரம்புகள் மாறக்கூடியவை. சேர்வதற்கு முன்பு அந்தந்த நிறுவனத்தின் விலைப் பக்கத்தை ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள்.

*தேர்வு செய்யும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்*

முதல் கேள்வி: எத்தனை பேர் திருத்த வேண்டும், எத்தனை பேர் பார்த்தால் போதும்?

உதாரணத்துக்கு, புழல் உபரிநீர்க் கால்வாய் ஓரம் ஒரு தெருவில் 14 தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ட்ரெல்லோவில் சேர முடியாது, வரம்பு 10. ஆனால் 14 பேரும் கார்டை நகர்த்த வேண்டுமா? படகு, உணவு, முதியோர், மருந்து, தகவல் என்று ஐந்து பொறுப்பாளர்கள் திருத்தினால் போதும். மற்றவர்கள் தங்கள் பொறுப்பாளரிடம் போனில் சொன்னால் அவர் மாற்றிவிடுவார். அப்படிப் பார்த்தால் 5 பேர்தான் கணக்கு. எல்லோரும் திருத்தியே ஆக வேண்டும் என்றால் கூகுள் ஷீட் அல்லது கிளிக்அப் பக்கம் போகலாம்.

வரம்பைத் தாண்ட ஒரே லாகின், பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வேண்டாம். யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாமல் போனால், இந்தச் செயலியை வைத்திருப்பதன் பயனே போய்விடும்.

இரண்டாவது கேள்வி: டீமில் ரொம்பப் பழைய போன் யார் கையில் இருக்கிறது?

லேப்டாப்பில் அழகாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் பழைய போனில் இன்ஸ்டால் ஆகிறதா, தமிழில் டைப் செய்தால் சரியாக வருகிறதா, மெதுவான நெட்டில் திறக்கிறதா என்று பாருங்கள். மெனு ஆங்கிலத்தில் இருந்தாலும் பத்தி, கார்டு பெயர்களை நீங்கள் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வி: நெட் போனால் என்ன ஆகும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல பகுதிகளில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அந்த நேரத்தில் எந்தச் செயலியும் கை கொடுக்காது. ட்ரெல்லோ, கூகுள் ஷீட்ஸ் போன்றவற்றின் மொபைல் செயலிகளில் ஆஃப்லைனில் பார்க்கும் வசதி இருக்கிறது. முன்கூட்டியே அதை ஆன் செய்திருக்க வேண்டும். அதோடு மழை எச்சரிக்கை வந்த அன்றைக்கே பட்டியலை இரண்டு பிரதி பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

நான்காவது கேள்வி: தகவலை எப்படி வெளியே எடுப்பது?

சேர்ந்த முதல் நாளே இரண்டு போலி வேலைகளை எழுதி, எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். வந்த பைலை உங்களால் திறந்து படிக்க முடிந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஐந்தாவது கேள்வி: யார் பார்க்கிறார்கள்?

இதுதான் அதிகம் பேர் கோட்டை விடும் இடம். தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டு முகவரி, போன் நம்பர், நோய் விவரம் எல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கும். வெளியே போனால் மோசடிக்காரர்களுக்கு அது வசதியாகிவிடும். 2018-ல் ஐக்கிய நாடுகள் சபையின் ஊழியர்களே ட்ரெல்லோ பலகைகளையும் கூகுள் ஆவணங்களையும் பொதுப் பார்வையில் விட்டுவிட்டார்கள். பாஸ்வேர்டுகள் உட்பட உள் விவரங்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்ததை இந்தியாவைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார். செயலியை யாரும் ஹேக் செய்யவில்லை. செட்டிங்கைத் தவறாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

எனவே பலகை 'பப்ளிக்' என்று இருக்கக் கூடாது. கூகுள் ஷீட்டில் 'லிங்க் உள்ள யாரும் திருத்தலாம்' என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதியோர் விவரம் தனி ஷீட்டில், இரண்டு மூன்று பேர் மட்டும் பார்க்கும்படி இருக்கட்டும். பொதுப் பலகையில் 'வீடு எண் 7, இரண்டு பேர், படிக்கட்டு இறங்க உதவி' என்ற அளவில் எழுதினால் போதும். மழைக்காலம் முடிந்ததும் அந்த விவரங்களை அழித்துவிடுங்கள்.

*ஒரு பலகையை எப்படி அமைப்பது?*

முதலில் மூன்று பத்தி. 'செய்யணும்', 'நடக்குது', 'முடிஞ்சது'. நான்காவதாக 'சிக்கல்' என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆள் கிடைக்காத, பொருள் வராத வேலைகள் அங்கே வரும். பொறுப்பாளர்கள் தினமும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பத்தியைத்தான்.

அடுத்து கார்டு. 'மழைக்குத் தயாராவது' என்று எழுதினால் அது வேலை இல்லை, ஆசை. 'மூணாவது தெரு மழைநீர் வடிகால் அடைப்பு, 1913-ல் புகார் பதிவு செய்து புகார் எண்ணை இங்கே எழுதவும்' என்று எழுதினால் அது வேலை. யார் படித்தாலும் என்ன செய்ய வேண்டும், எப்போது முடிந்ததாகக் கணக்கு என்று புரியும்.

ஒரு கார்டுக்கு ஒரே ஒரு பெயர். 'எல்லோரும் பார்த்துக்குவோம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். உதவிக்கு நாலு பேர் இருக்கலாம், பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். ஒவ்வொரு கார்டிலும் தேதியும் இருக்க வேண்டும். புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. அதனால் 'அக்டோபர் 10-க்குள்' என்று எழுதுவதுபோல் 'நீர்மட்டம் 19 அடியைத் தொட்ட அன்றே' என்றும் உங்கள் டீம் முடிவு செய்து எழுதிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் குரூப்பைக் கலைக்க வேண்டாம். பேசுவதற்கு அது, வேலையைப் பதிவதற்குப் பலகை. குரூப் விளக்கத்தில் பலகையின் லிங்கைப் போட்டுவிடுங்கள். 'பலகையில் இல்லாத வேலை இன்னும் ஒப்படைக்கப்படாத வேலை' என்ற ஒரே விதியை எல்லோரும் ஒப்புக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

*சின்னத் தொழில் செய்பவர்களுக்கு?*

வடசென்னையில் ஃபேப்ரிகேஷன் பட்டறை, லேத், அரிசி ஆலை, கன்டெய்னர் லாரி என்று நிறைய சின்ன டீம்கள் இருக்கின்றன. இவர்களுக்கும் இதே முறைதான், பத்திகளின் பெயர் மட்டும் மாறும். பட்டறை என்றால் 'ஆர்டர் வந்தது', 'மெட்டீரியல் வரணும்', 'வெல்டிங்', 'பெயின்ட்', 'டெலிவரி', 'பில் பாக்கி'. ஒவ்வொரு ஆர்டரும் ஒரு கார்டு. 'வெல்டிங்' பத்தியில் ஒன்பது கார்டும் 'பெயின்ட்' பத்தியில் ஒன்றும் இல்லாமலும் இருந்தால், எங்கே வேலை தேங்குகிறது என்று முதலாளிக்குக் கேட்காமலேயே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வேலையாட்களை நிமிஷத்துக்கு நிமிஷம் கண்காணிக்கும் கருவியாக இதைக் கொண்டுபோனால் யாரும் உண்மையான நிலையை எழுத மாட்டார்கள். தாமதமானால் 'சிக்கல்' பத்தியில் போடலாம், திட்டு விழாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் பலகை உண்மை பேசும்.

*சரி, கடைசியாக எதைத் தேர்ந்தெடுப்பது?*

இதுவரை எதையும் பயன்படுத்தாத டீம் என்றால் கூகுள் ஷீட்டில் தொடங்குங்கள். 'வேலை, பொறுப்பு, தேதி, நிலை' என்று நான்கு காலம் போதும். வேலைகள் அடிக்கடி நிலை மாறும், திருத்துபவர்கள் 10 பேருக்குள் என்றால் ட்ரெல்லோ. நாலைந்து பேர் கொண்ட கம்பெனி, தகவல் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்றால் ஜோஹோ புராஜெக்ட்ஸ். ஆள் அதிகம், போட்டோ குறைவு, கற்றுக்கொள்ளப் பொறுமை உண்டு என்றால் கிளிக்அப்.

எதை எடுத்தாலும் ஒரு வாரம் ஒரே ஒரு சின்ன வேலைக்குப் பயன்படுத்திப் பாருங்கள். வடிகால் சுத்தம் செய்வதாக இருக்கலாம், கோயில் அன்னதானமாக இருக்கலாம். வார முடிவில் டீமில் பாதிப் பேருக்கு மேல் தானாகத் திறந்து பார்த்திருந்தால் அந்தச் செயலி ஒத்துவரும். ஒருவர் மட்டுமே எல்லோருக்காகவும் நிரப்பிக்கொண்டிருந்தால், அதைவிட எளிமையான ஒன்றுக்கு மாறிவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான சூழலில் பலகையில் கார்டு போட்டுக் காத்திருக்கக் கூடாது. சென்னை மாநகராட்சி 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இந்த மூன்று எண்களையும் பலகையின் முதல் கார்டாக எழுதி வையுங்கள், பிரின்ட் எடுத்த தாளின் மேலேயும் எழுதி வையுங்கள்.